மாந்தோப்பை மேலிருந்து படம் பிடித்துப் பார்ப்பது பற்றி: டிரோனா, செயற்கைக்கோளா?

மாந்தோப்பு_ஈசூன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது ஈசூனில், சிங்கப்பூர் வந்து 14 வருடமாகிறது. ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம். தாத்தா வைத்த மாந்தோப்பு 7 ஏக்கர் இருக்கிறது, 30 அடிக்கு ஒரு மரம், மொத்தம் 330 மரம் போல வரும். பெரும்பாலும் பெங்களூரா, நடுவில் கொஞ்சம் நீலம், கிணற்றோரம் வீட்டுக்கென்று நாலு மல்கோவா. அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, தோப்பைச் சுற்றி வர முடிவதில்லை. சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் 63 வயது.

போன வருடம் மட்டும் 9 மரம் பட்டுப்போய்விட்டது. எல்லாமே 40 வருடத்து மரம், ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. இலை பழுப்பாகி உதிரும்போதுதான் தெரிந்தது, அதற்குள் ஒன்றும் செய்ய முடியவில்லை. சித்தப்பாவைக் கேட்டால், "மேல நுனி காயறது கீழ நின்னா எங்கடா தெரியும்" என்கிறார், அதுவும் நியாயம்தான்.

அதனால் ஊரில் டிரோன் வைத்துப் படம் எடுப்பவர் ஒருவரை ஆகஸ்டில் வரவழைத்தோம். அவர் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்ட ஒரு வரைபடம் கொடுத்தார். சிவப்பாக இருக்கும் 40 மரத்துக்கும் நோய், உடனே மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லி மருந்தையும் அவரே விற்றார். சித்தப்பா போய்ப் பார்த்தால் அதில் முக்கால்வாசி மரம் புதுத் தளிர் விட்டுச் செழிப்பாக நிற்கிறது! காசு போனது ஒரு பக்கம், இனி எதை நம்புவது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. இங்கேயே நல்ல டிரோன் ஒன்று வாங்கி, பொங்கலுக்குப் போகும்போது கொண்டுபோய் நானே எடுக்கலாமா? இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படம் 7 ஏக்கருக்கு உதவுமா? அந்த நிற வரைபடம் ஏன் அப்படித் தப்பாகக் காட்டியது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

உயரத்தில்_வேலை எழுதியது:

அண்ணே, நான் இங்கே கட்டடங்களின் வெளிச்சுவரை டிரோன் வைத்து ஆய்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதில்தான் நீங்கள் பெரிய நஷ்டப்பட வாய்ப்பிருக்கிறது: டிரோனை இங்கே வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்ய அங்கே தடை. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனால் விமான நிலையச் சுங்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். உள்ளே போய்விட்டாலும் 2021 டிரோன் விதிகளின்படி பதிவு எண் இல்லாமல் பறக்கவிட முடியாது. 250 கிராமுக்கு உட்பட்ட குட்டி டிரோனுக்குச் சில சலுகைகள் உண்டு, இறக்குமதித் தடையிலிருந்து அதுவும் தப்பாது. அங்கேயே தயாரானதை அங்கேயே வாங்குங்கள், இல்லை, ஆள் வைத்து எடுங்கள்.

இங்கே பறக்கவிட்டுப் பழகலாம் என்று நினைத்தாலும் ஈசூனில் முடியாது. செம்பவாங் விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தும் ராணுவ விமானத் தளத்திலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது, மற்ற இடத்திலும் 60 மீட்டருக்கு மேல் போக அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதையும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

சரி, இப்போது கேமரா. சாதாரண கேமரா நம் கண் பார்ப்பதைத்தான் பார்க்கும். பயிருக்கென்று வரும் பல்லலைக் கேமராவில் பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, இந்தச் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள 'சிவப்பின் விளிம்பு' என்று ஒவ்வொரு ஒளிக்கும் தனித்தனிக் கண் இருக்கும். டிஜேஐ மாவிக் 3 மல்டிஸ்பெக்ட்ரல் என்ற டிரோன் அப்படிப்பட்டது, சாதாரண கேமராவோடு சேர்த்து நான்கு பல்லலைக் கண்கள். விலை பல ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி. 60 மீட்டர் உயரத்தில் பறந்தால் தரையில் 3 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரம் ஒரு புள்ளியாக விழும். ஒரு மரத்துக்கே ஆயிரக்கணக்கான புள்ளி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 7 ஏக்கரை ஒரு பேட்டரிக்குள் முடித்துவிடலாம்.

யாரை வைத்து எடுத்தாலும் நான் சொல்லும் சிலவற்றைக் கவனியுங்கள். காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடுவில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மரத்தின் நிழல் அடுத்த மரத்தின் மேல் விழுந்து, நிழலில் இருப்பதெல்லாம் நோய் மாதிரி தெரியும். மேகம் வந்து வந்து போகும் நாளில் எடுக்கவே கூடாது, முழு வெயில் அல்லது முழு மூட்டம், ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் முக்கால் பங்காவது ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், அப்போதுதான் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்க முடியும். மரக் கூட்டத்தில் இது குறைந்தால் கிளைகள் இரண்டிரண்டாகத் தெரியும். அப்புறம் பறக்கும் முன்னும் பின்னும் சாம்பல் நிற அளவுத் தகடு ஒன்றைத் தரையில் வைத்துப் படம் எடுக்கிறாரா பாருங்கள். அன்றைய வெளிச்சம் எவ்வளவு என்று கேமராவுக்குச் சொல்வது அந்தத் தகடுதான். அது இல்லாமல் எடுத்த படத்தைப் போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பேசுபவரை நம்பவே வேண்டாம்.

---

மாந்தோப்பு_ஈசூன் எழுதியது:

ரொம்ப நன்றி தம்பி, வாங்கி எடுத்துப்போகும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிட்டேன். தகடு எதுவும் வைத்ததாகச் சித்தப்பா சொல்லவில்லை. வந்தது சாயங்காலம் 4 மணிக்கு மேல்.

---

பொங்கோல்_மரக்காரி எழுதியது:

பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தேன், இப்போது சிங்கப்பூரில் மரப் பராமரிப்பு வேலை. உங்கள் மூன்றாம் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆகஸ்டில் மாமரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காய் பறித்து முடிந்து, ஒன்றிரண்டு மழை விழுந்து, தளிர் விடும் நேரம். மாந்தளிர் என்ன நிறம்? செம்பு நிறம். நிற வரைபடம் போடும் கணக்குக்கு என்டிவிஐ என்று பெயர். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி, பிறகு இரண்டின் கூட்டுத்தொகையால் வகு, அவ்வளவுதான் கணக்கு. முற்றிய நல்ல இலையில் பச்சையம் நிறைய இருப்பதால் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், அகச்சிவப்பை மட்டும் இலையின் உள்ளறைகள் அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் விடை 1-ஐ நோக்கிப் போகும். தளிரில் பச்சையம் இன்னும் சேரவில்லை, சிவப்பு ஒளி திரும்பி வந்துவிடுகிறது, விடை குறைகிறது. கணக்கு சரியாகத்தான் சொன்னது, "இங்கே பச்சையம் குறைவு" என்று. அதை நோய் என்று மாற்றிச் சொன்னது அந்த மனிதர். மா பூத்து நிற்கும்போதும் இதே கதைதான், பூங்கொத்து இலையை மூடிக்கொள்ளும். அதிலும் மாமரம் ஒரே நேரத்தில் ஒழுங்காகத் தளிர் விடாது, ஒரு மரத்திலேயே கிழக்குப் பக்கம் தளிரும் மேற்குப் பக்கம் பழைய இலையுமாக நிற்கும். நெல்லுக்கும் கோதுமைக்கும் பழகிய ஆள் மாந்தோப்பில் தடுமாறுவது இதனால்தான்.

எனவே இலை முற்றி, பூ வருவதற்கு முன் உள்ள நாட்களில் எடுங்கள், ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் எடுங்கள். பெங்களூராவை நீலத்தோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு ரகத்தையும் அதே ரகத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

உயரத்தில்_வேலை சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 330 மரத்துக்குப் பல்லலைக் கேமரா தேவையே இல்லை என்பேன். சித்தப்பா சொன்ன நுனிக் காய்தல் சாதாரண நிறப் படத்திலேயே பளிச்சென்று தெரியும், ஏனென்றால் மேலிருந்து பார்க்கிறோம். விழுந்த மரம் எது, தலை சிறுத்துப்போன மரம் எது, எங்கே இலை அடர்த்தி குறைந்து தரை தெரிகிறது, எல்லாம் கண்ணுக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே உயரத்தில் சாதாரண படம் எடுத்து ஒழுங்காக அடுக்கி வைப்பது, வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் விலை உயர்ந்த நிற வரைபடத்தைவிடப் பல மடங்கு உதவும்.

படத்தைப் பார்க்கும்போது ஒற்றை மரத்தை மட்டும் பார்க்காதீர்கள், சோர்ந்த மரங்கள் எந்த வடிவத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ஒரே வரிசையாக நின்றால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஒரு திட்டாக நின்று, அடுத்த படத்தில் அந்தத் திட்டு பெருத்தால் மண்ணிலோ வேரிலோ சிக்கல், வடிகால் சரியில்லாமலும் இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நின்றால் நான் முதலில் போய்ப் பார்ப்பது தண்டு துளைப்பானை. அடிமரத்தில் ஓட்டை, அதன் கீழே மரத்தூள் மாதிரி எச்சம் கொட்டிக் கிடக்கும். கம்பியை வளைத்து விட்டுப் புழுவை வெளியே இழுக்கலாம், சீக்கிரம் பார்த்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். பட்டையில் பிசின் வழிகிறதா என்றும் பாருங்கள். மேலேயிருந்து எடுத்த எந்தப் படமும் இந்த ஓட்டையையும் பிசினையும் காட்டாது.

இங்கேயும் சாலையோர மரங்களை லேசர் ஒளியால் அளக்கும் வசதி வந்துவிட்டது. ஆனாலும் சந்தேகமான மரம் என்றால் நாங்கள் நேரில் போய், சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி, உள்ளே பொந்தாக இருக்கிறதா என்று காதால் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். சித்தப்பாவிடம் ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள்: எல்லா மரத்துக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். படத்தில் தெரியும் மரமும் அவர் தொட்டுப் பார்க்கும் மரமும் ஒன்றுதான் என்று தெரியாவிட்டால் இத்தனை பாடும் வீண்.

---

குளுவாங்_டுரியான் எழுதியது:

எங்களுக்கு மலேசியாவின் ஜோகூரில், குளுவாங் பக்கம் டுரியான் தோட்டம், மாமா குடும்பத்தோடு கூட்டு. நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், மாதம் இரண்டு தடவை போய் வருவேன். மரக்காரி அக்கா சொன்ன வரிசை விஷயம் எங்களுக்கு அப்படியே நடந்தது. வெப்பக் கேமரா வைத்துப் படம் எடுத்தோம், ஒரு வரிசை முழுக்க மற்ற மரங்களைவிடச் சூடாகத் தெரிந்தது. தண்ணீர் பற்றாத மரம் இலைத் துளையை மூடிக்கொள்ளும், நீராவி வெளியேறாததால் இலை சூடேறும், அதைத்தான் கேமரா பிடிக்கிறது. போய்ப் பார்த்தால் அந்த வரிசைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைத்திருந்தது. ஒரு மணி நேர வேலை. பார்க்காமல் விட்டிருந்தால் அந்த வரிசையின் பிஞ்செல்லாம் கொட்டியிருக்கும்.

டுரியானில் எங்களுக்குப் பயம் என்றால் பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் அழுகல் நோய். அடிமரத்தில் பட்டை ஈரமாகிப் பழுப்பாக நீர் கசியும், பிறகு தலை மெலியத் தொடங்கும். படத்தில் தலை மெலிந்தது தெரியும் நேரத்தில் நோய் வந்து நாளாகியிருக்கும், அதனால் படம் சீக்கிரமே சொல்லிவிடும் என்று முழுதாக நம்ப வேண்டாம். படத்தில் தெரிந்த மரத்தைப் பார்க்கப் போகும்போது, அதைச் சுற்றி நிற்கும் எட்டு மரத்தின் அடியையும் நாங்கள் பார்த்துவிடுவோம், இன்னும் தப்பிக்க வாய்ப்புள்ள மரம் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, டுரியான் இலையின் அடிப்பக்கம் செம்பொன் நிறம். காற்று அடித்தால் இலை திரும்பி மரமே காய்ந்த மாதிரி தெரியும். தாழப் பறந்தால் டிரோனின் காற்றே இலையைத் திருப்பிவிடும். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்து மாமா பதறிப்போனார். எந்த மரமாக இருந்தாலும் அதன் இலையைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்க வேண்டும்.

---

பழைய_வாசகன் எழுதியது:

நீங்கள் பேசும் விஷயம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் எழுதுகிறேன். 1970-இல், இந்தியாவுக்கென்று தொலையுணர்வுச் செயற்கைக்கோள் (மேலிருந்து தரையைப் படம் எடுத்து ஆராய்வது) எதுவும் இல்லாத காலத்தில், பி. ஆர். பிஷாரடி என்ற அறிவியலாளர் தலைமையில் கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் படம் எடுத்தார்கள். தென்னை வேர் வாடல் நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் படம். அந்தச் சுருளில் நல்ல மரம் சிவப்பாக விழும், நோயுற்ற மரம் நிறம் மங்கி விழும். இந்தியத் தொலையுணர்வின் தொடக்கமே அந்தத் தென்னந்தோப்புதான் என்பார்கள், பிஷாரடியை அத்துறையின் தந்தை என்றும் சொல்வார்கள். முழுப் பயன்பாட்டுக்கென்று செய்த முதல் சொந்தத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ 1988-இல்தான் மேலே போனது. விண்வெளிக்குப் பணம் போட்டால் ஏழை விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்த பதில் ஒரு தென்னை மரம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், கணக்குத் திறந்தால் கணினியிலேயே பார்க்கலாம். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். உங்கள் 30 அடி இடைவெளி 9 மீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட மரத்துக்கு ஒரு புள்ளி, தோப்பு முழுக்கச் சேர்த்தால் 280 புள்ளி. ஆனால் புள்ளி மரத்தின் மேல் சரியாக உட்காராது, பாதி மரமும் பாதித் தரையுமாகத்தான் விழும், அதனால் தனி மரத்தைப் பார்க்க முடியாது, தோப்பின் எந்த மூலை சோர்கிறது என்று பார்க்கலாம். இதில் ஒரு பெரிய வசதி, பழைய படங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோளும் போனதிலிருந்து 5 நாளுக்கு ஒரு படம். டிரோன் இன்றைக்குத்தான் காட்டும், இது உங்கள் தோப்பின் பழைய வருடங்களைக் காட்டும். மார்ச், ஏப்ரல் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மேகம் குறைவு, மரத்தடிப் புல்லும் காய்ந்திருக்கும், பச்சையாகத் தெரிவது மரம் மட்டும்தான். மழைக்காலப் படத்தில் செத்த மரத்தின் அடியில் வளர்ந்த புல்லும் பச்சையாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும்.

கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்கி நேரில் கேளுங்கள்.

---

மாந்தோப்பு_ஈசூன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பழைய_வாசகன் ஐயா சொன்னபடி ராத்திரி ராத்திரி உட்கார்ந்து 2018-இலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதப் படத்தையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் நாலு வருடம் தோப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது. 2022-இலிருந்து வடமேற்கு மூலை வெளுக்கத் தொடங்குகிறது, வருடத்துக்கு வருடம் அந்த வெளுப்பு உள்ளே வருகிறது. பட்டுப்போன 9 மரத்தில் 6 மரம் அந்த மூலையில் நின்றவை. அதைப் பார்த்ததும் நெஞ்சு கனத்துவிட்டது, மூன்று வருடமாக அது மேலே தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். உடனே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. 2021-இல் பக்கத்து நிலத்தில் மண் கொட்டி மேடாக்கினார்கள், அதற்குப் பிறகு மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் வடிவதில்லை, நம் மூலையில் தேங்குகிறது. அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், மரத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. இப்போது மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பால் எண் போட ஆரம்பித்துவிட்டார், 112 வரை வந்திருக்கிறது. சிதறி நின்ற மற்ற 3 மரத்தில் ஒன்றின் கட்டையைப் பிளந்து பார்த்ததில் உள்ளே புழு போன வழி இருந்தது, மரக்காரி அக்கா சொன்னதேதான்.

பொங்கலுக்குப் போகும்போது பதிவு பெற்ற ஆள் ஒருவரை வைத்துச் சாதாரண நிறப் படம் மட்டும் எடுக்கப் போகிறேன், காலை 11 மணிக்கு. அதற்கு முன் ஒரு கேள்வி அக்கா: அந்த மூலையில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டலாம் என்கிறார் சித்தப்பா. எவ்வளவு ஆழம் வெட்டுவது?

---

பொங்கோல்_மரக்காரி எழுதியது:

ஆழத்தைப் பிறகு பேசலாம், அவசரப்பட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மரத்தின் கிளை விரிந்திருக்கும் அளவுக்குள் வெட்டினால் ஏற்கெனவே சோர்ந்த மரத்தின் வேரும் போய்விடும். வாய்க்கால் எப்போதும் கிளை நிழலுக்கு வெளியே, வேலியோரமாக ஓட வேண்டும். அடுத்த மழை பெய்து முடிந்த மறுநாள் காலையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, நிற்கும் எல்லையில் குச்சி நட்டு, போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த எண் மரத்திலிருந்து எந்த எண் மரம் வரை என்பதும் வேண்டும். அந்த மூலையில் இன்னும் உயிரோடு நிற்கும் மரங்களின் அடிப்பட்டையையும் அன்றைக்கே பார்க்கட்டும். படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.